ஓட்டுக்குப் பணம்: குடவோலை ஊரில் ஒரு குடிமையியல் பாடம்

ஒன்பதாம் வகுப்புக் குடிமையியலில் தேர்தல், அரசியல் கட்சிகள், அழுத்தக் குழுக்கள் பற்றிய பாடத்தை நாம் எல்லோரும் நடத்தியிருப்போம். வாக்காளர் பட்டியல், தேர்தல் ஆணையம், நோட்டா, விவிபேட் என்று பாடம் ஒழுங்காகப் போகும். முடிவதற்குள் பின்வரிசையிலிருந்து ஒரு கை உயரும். "டீச்சர், எங்க வீட்ல நாலு ஓட்டு. போன தேர்தல்ல நாலுக்கும் குடுத்தாங்க" என்று ஒரு பிள்ளை சொல்லும். எவ்வளவு என்பதையும் சேர்த்தே சொல்லும். அதன்பின் வகுப்பில் ஒளிவுமறைவு இருக்காது. எங்கள் தெருவில் இவ்வளவு, மேட்டுத் தெருவில் இவ்வளவு, பாட்டிக்கு மட்டும் வரவில்லை என்று சண்டை என ஆளுக்கொன்று சொல்வார்கள்.

உத்திரமேரூர் வட்டாரத்தில் சமூக அறிவியல் நடத்தும் பட்டதாரி ஆசிரியை நான். அந்தக் கையை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். அப்போது நமக்கு எளிதாகக் கிடைக்கும் வழிகள் இரண்டு. "அதெல்லாம் பாடத்தில் இல்லை, உட்கார்" என்று சொல்லிவிடலாம். அல்லது, ஓட்டை விற்பது எவ்வளவு பெரிய குற்றம் என்று பத்து நிமிடம் பேசலாம். முதல் வழியில், புத்தகத்துத் தேர்தல் வேறு, ஊர்த் தேர்தல் வேறு என்று பிள்ளை முடிவுகட்டிவிடுகிறது. இரண்டாவது இன்னும் மோசம் என்பது என் கருத்து. பதினாலு வயதுப் பிள்ளை தன் அம்மாவைக் குற்றவாளியாக நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறது. அடுத்த முறை அது வாய் திறக்காது. இந்த இரண்டும் இல்லாமல் இந்தப் பாடத்தை எப்படி நடத்தலாம் என்று சில ஆண்டுகளாக முயன்று பார்த்ததை இங்கே எழுதுகிறேன்.

எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு வசதி உண்டு. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்திலேயே வைகுண்டப் பெருமாள் கோயில். முதலாம் பராந்தக சோழனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது கி.பி. 919, 921இல், உத்திரமேரூர்ச் சதுர்வேதிமங்கலத்துச் சபை எடுத்த இரண்டு முடிவுகள் அந்தச் சுவரில் வெட்டப்பட்டிருக்கின்றன. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, தகுதியுள்ளவர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, ஒன்றை எடுத்து வாரியங்களுக்கு ஆள் தேர்ந்த முறை அதில் இருக்கிறது. ஆட்டை வாரியத்துக்கு 12 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர், ஏரி வாரியத்துக்கு 6 பேர். பதவிக்காலம் 360 நாள்.

"உலகத்துக்கே தேர்தலைக் கற்றுக்கொடுத்த ஊர்" என்று பிள்ளைகள் பேச்சுப் போட்டிக்கு மனப்பாடம் செய்து வருவார்கள். அதைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு நேரடியாகச் சுவருக்குப் போவது நல்லது. கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் இருக்க வேண்டும். சொந்த மனையில் கட்டிய வீடு வேண்டும். வேதம் கற்றிருக்க வேண்டும். வயது 35க்கு மேல், 70க்குள். அது பிராமணர்களுக்குக் கொடுக்கப்பட்ட ஊரின் சபை. என் வகுப்பில் இருக்கும் பெண் பிள்ளைகளில் ஒருவருடைய பாட்டியின் பெயரும் அந்தக் குடத்துக்குள் போயிருக்காது. ஆண் பிள்ளைகளிலும் பெரும்பாலோரின் முன்னோர் பெயர் போயிருக்காது. இதைச் சொல்வதால் கல்வெட்டின் மதிப்பு குறைந்துவிடாது. சொல்லாமல் விட்டால் பிள்ளைகள் தாங்களாகவே ஒருநாள் கண்டுபிடிப்பார்கள், அப்போது நம் பேச்சில் நம்பிக்கை போய்விடும்.

அந்தச் சபை எதற்கெல்லாம் பயந்தது என்று பார்த்தால்தான் கல்வெட்டின் அருமை தெரியும். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் பெயரை ஓலையில் எழுதக் கூடாது. அவருடைய நெருங்கிய உறவினர்கள் யார் யார் என்று நீளமாகப் பட்டியல் போட்டு, அவர்கள் பெயரையும் எழுதக் கூடாது என்கிறது. பிறர் பொருளை அபகரித்தவர் கூடாது. முந்தைய மூன்று ஆண்டுகளுக்குள் வாரியத்தில் இருந்தவர் கூடாது. குடத்தை எல்லோரும் பார்க்கத் தூக்கிக் காட்ட வேண்டும். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத ஒரு சிறுவன் ஓலையை எடுக்க வேண்டும். அதை வாங்கும் மத்தியஸ்தர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். அவர் வாசித்த பிறகு அங்கிருக்கும் மற்றவர்களும் அதே ஓலையை வாசிக்க வேண்டும்.

அந்த விரிந்த கையை வகுப்பில் நடித்துக் காட்டச் சொல்வேன். ஏன் ஐந்து விரலையும் விரிக்கச் சொன்னார்கள் என்று கேட்டால், முதல் பெஞ்சு யோசிப்பதற்குள் கடைசி பெஞ்சு சொல்லிவிடும். "கையில வேற ஓலை ஒளிச்சி வெச்சிருப்பாங்க டீச்சர்!" அவ்வளவுதான். மோசடி நடக்கும் என்று எண்ணித்தான் அந்த விதியை எழுதினார்கள். இன்னொன்றும் கவனிக்க வேண்டியது. 919இல் செய்த ஏற்பாட்டை இரண்டே ஆண்டில் திருத்தினார்கள். முதலில் 30 முதல் 60 வரை என்றிருந்த வயது வரம்பு இரண்டாவது கல்வெட்டில் 35 முதல் 70 வரை ஆகிறது. தகுதிக் குறைவுப் பட்டியல் நீள்கிறது. ஓட்டை தெரிந்தது, அடைத்தார்கள்.

குடவோலையில் விலைக்கு வாங்க வாக்காளர் என்று யாரும் இல்லை. குலுக்கலில் யாருக்குப் பணம் கொடுப்பது? மக்களாட்சி வந்து, நிலம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஆணோ பெண்ணோ, ஆளுக்கு ஓர் ஓட்டு என்று ஆனபோதுதான் ஓட்டுக்கு விலை வைக்க ஆள் வந்தார். கால் வேலி இல்லாதவரின் ஓட்டுக்கும் ஒரு மதிப்பு வந்துவிட்டது என்பதைத்தான் அந்த விலையும் ஒரு கோணலான வழியில் சொல்கிறது. பிள்ளைகளுக்கு இதை இப்படிச் சொல்லும்போது, வீட்டில் நடந்ததைப் பற்றிய கூச்சம் கொஞ்சம் குறைந்து, பேச்சு தொடர்கிறது.

தமிழ்நாட்டு நிகழ்வுகளைச் சொல்லும்போது நான் கட்சிப் பெயரைச் சொல்வதில்லை. பிள்ளைகள் சொன்னாலும் கரும்பலகையில் எழுதுவதில்லை. ஆண்டும் ஊரும் போதும். 2009 ஜனவரியில் மதுரை மாவட்டம் திருமங்கலத்தில் இடைத்தேர்தல். காலையில் வீட்டு வாசலில் விழுந்த செய்தித்தாளுக்குள் கவரும், அதில் பணமும், கூடவே பூத் ஸ்லிப்பும் இருந்ததாகப் பின்னாளில் செய்திகள் வந்தன. 'திருமங்கலம் ஃபார்முலா' என்ற சொல் அங்கிருந்துதான் புழக்கத்துக்கு வந்தது. 2016 சட்டமன்றத் தேர்தலில் அரவக்குறிச்சி, தஞ்சாவூர் தொகுதிகளில் பணப் பட்டுவாடா காரணமாகத் தேர்தலை முதலில் தள்ளிவைத்து, பிறகு அறிவிக்கையையே ரத்து செய்தது தேர்தல் ஆணையம். வாக்குப்பதிவு நவம்பர் 19 அன்றுதான் நடந்தது. 2017 ஏப்ரலில் சென்னை ஆர்.கே. நகர் இடைத்தேர்தல் இதே காரணத்துக்காக நின்று, டிசம்பர் 21 அன்று நடந்தது. 2019இல் வேலூர் மக்களவைத் தொகுதியில் ஏப்ரல் 18 அன்று நடக்க வேண்டிய தேர்தல் இரண்டு நாள் முன்பு ரத்தாகி, ஆகஸ்ட் 5 அன்று நடந்தது.

சட்டம் என்ன சொல்கிறது என்பதைப் பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123ஆம் பிரிவில் லஞ்சம் ஊழல் நடவடிக்கைகளில் முதலாவது. இந்திய தண்டனைச் சட்டத்தில் 171பி, 171இ என்று இருந்தவை இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 170, 173ஆம் பிரிவுகள். ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். கொடுப்பவருக்கும் குற்றம், வாங்குபவருக்கும் குற்றம். இதை மறைக்க வேண்டியதில்லை, ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். பாடம் அங்கே நின்றுவிடக் கூடாது. காரணம், அதற்கு அடுத்துப் பிள்ளைகள் கேட்கும் கேள்விதான் முக்கியமானது.

"வாங்கிட்டு வேற ஆளுக்குப் போட்டா அவங்களுக்குத் தெரியுமா டீச்சர்?"

இந்தக் கேள்விக்கு நம்மைவிட நன்றாகப் பதில் சொல்லக்கூடியவர் ஊரில் யாருமில்லை. முதல் நாள் மாலையே இயந்திரத்தோடு போய் இறங்கி, கொசுக்கடியில் படுத்து, விடியற்காலையில் முகவர்கள் முன்னால் மாதிரி வாக்குப்பதிவு நடத்தியவர்கள் நாம். அட்டைத் தடுப்பை ஜன்னலுக்கு எதிரில் வைக்காமல் பார்த்துப் பார்த்து வைத்தவர்கள் நாம். பட்டியலில் பெயர் பார்ப்பவர் ஒருவர், மை வைத்து 17ஏ பதிவேட்டில் கையெழுத்து வாங்குபவர் ஒருவர், கட்டுப்பாட்டுக் கருவியில் பொத்தானை அழுத்துபவர் ஒருவர். இவர்களில் எவருக்கும் எந்தச் சின்னம் என்று தெரியாது. விவிபேட் சீட்டு ஏழு நொடி தெரிந்து உள்ளே விழுந்துவிடும், அதில் வாக்காளர் பெயர் இல்லை. வாக்கின் இரகசியத்தை வெளியிட்டால் 128ஆம் பிரிவின்படி நமக்கே மூன்று மாதம் வரை சிறை. யாருக்கு ஓட்டுப் போட்டாய் என்று நீதிமன்ற சாட்சியைக்கூடக் கேட்க முடியாது என்கிறது 94ஆம் பிரிவு. பயிற்சி வகுப்பில் தூக்கக் கலக்கத்தோடு நாம் கேட்ட இந்தப் பிரிவுகள் ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும்? "மெஷின்ல எல்லாம் தெரிஞ்சிடுமாமே" என்று வயதானவர்கள் இன்னும் கேட்கிறார்கள். அந்தச் சந்தேகத்தை வளர்ப்பதில் சிலருக்கு லாபம் இருக்கிறது.

குடவோலையில் கையை விரித்துக் காட்டினார்கள், இங்கே விரலை மறைக்கிறோம். இரண்டும் ஒரே நோய்க்கு மருந்து. அதிகாரத்தில் உட்காரப் போகிறவரின் கை எல்லோருக்கும் தெரிய வேண்டும். எளியவரின் விரல் எவருக்கும் தெரியக் கூடாது.

விரல் மறைந்தால் என்ன நடக்கும் என்பதற்குச் சிலி நாட்டில் ஒரு சான்று இருக்கிறது. 1958 வரை அங்கே வாக்குச்சீட்டைக் கட்சிகளே அச்சிட்டன. பண்ணைக்காரர் தன் பண்ணையாட்களைக் கூட்டிக்கொண்டு போய், எந்தச் சீட்டைப் போட வேண்டுமோ அதைக் கையில் கொடுத்துப் போடச் செய்ய முடிந்தது. அந்த ஆண்டில் அரசே அச்சிட்ட ஒரே சீட்டு வந்தது, வாக்கு மறைவானது. பண்ணையாட்கள் நிறைந்த பகுதிகளில் நிலவுடைமையாளர்கள் ஆதரித்த கட்சிகளின் வாக்கு அதன்பின் குறைந்ததை ழான்-மேரி பாலாந்து, ஜேம்ஸ் ராபின்சன் என்ற இரு பொருளியலாளர்கள் கணக்கிட்டுக் காட்டியிருக்கிறார்கள். சட்டசபையில் ஒரு வரி மாறியது, வயலில் ஓர் ஆளின் முதுகு நிமிர்ந்தது. மிராசுதார், பண்ணையாள் என்ற சொற்களைத் தாத்தா வாயிலாகக் கேட்டிருக்கும் நம் பிள்ளைகளுக்கு இந்தக் கதையை விளக்கவே வேண்டியதில்லை.

அப்படியானால் தமிழ்நாட்டில் வாக்கு மறைவாக இருந்தும் பணம் ஏன் போகிறது? மும்பைத் தேர்தல்களை ஆராய்ந்த சைமன் சொஷார் என்ற அறிஞர், கொடுக்கும் வேட்பாளருக்கே அதன் பலனில் நம்பிக்கை இல்லை, எதிராளி கொடுக்கும்போது தான் கொடுக்காவிட்டால் போட்டியிலேயே இல்லாதவராகிவிடுவோமோ என்ற பயத்தில் கொடுக்கிறார் என்று சொல்கிறார். இடையில் இருப்பவர்கள் கையிலேயே ஒரு பகுதி நின்றுவிடுவதும் அங்கே உண்டு. என் வகுப்பிலும் இதற்குச் சாட்சிகள் உண்டு. "மேல இருந்து வந்தது வேற, எங்களுக்கு வந்தது வேற" என்று ஒரு மாணவன் பெரிய மனிதர் தோரணையில் சொன்னான்.

ஆனாலும் பணம் வேறொரு வழியில் வேலை செய்கிறது. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று வளர்ந்தவர்கள் நாம். செஞ்சோற்றுக் கடன் என்பது நமக்குக் கதை மட்டும் அல்ல. வாங்கிவிட்டு மாற்றிப் போடுவது துரோகம் என்று நேர்மையான மனிதர்களே நினைக்கிறார்கள். சூடம் ஏற்றிச் சத்தியம் வாங்கும் பழக்கம் சில இடங்களில் இருப்பது இதனால்தான். சத்தியம் வாங்குபவர் வாக்குப்பதிவு இயந்திரத்தைவிட மனிதரின் மனசாட்சியை நம்புகிறார். நன்றி மறவாமை என்ற நல்ல குணத்தையே கொக்கியாக்கி இழுப்பது இது. பிள்ளைகளிடம் நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான். சோறு போட்டவருக்குக் கடன்பட்டிருக்கிறோம், சரி. இந்தச் சோறு யார் வீட்டு நெல்?

'பணத்தை வாங்கிக்கொள், ஓட்டை உன் விருப்பப்படி போடு' என்று நம்மில் சிலரும் சொல்கிறோம். கேட்கச் சாமர்த்தியமாக இருக்கும். பிலிப்பைன்சில் சோர்சோகோன் நகரில் 2013 உள்ளாட்சித் தேர்தலின்போது ஆய்வாளர்கள் இதையே சோதித்துப் பார்த்தார்கள். வாக்காளரில் ஒரு பகுதியினரிடம், பணமே வாங்க மாட்டேன் என்ற உறுதிமொழி கேட்டார்கள். இன்னொரு பகுதியினரிடம், வாங்கினாலும் மனசாட்சிப்படி வாக்களிப்பேன் என்ற உறுதிமொழி. முதல் உறுதிமொழி ஓரளவு வேலை செய்தது. இரண்டாவது அந்த அளவுக்குப் பலன் தரவில்லை. வாங்கிய பிறகு மனம் எந்தப் பக்கம் சாயும் என்று முன்கூட்டிக் கணிப்பது கடினம் போலும். ஜனவரி 25 தேசிய வாக்காளர் நாள் உறுதிமொழியை வழிபாட்டுக் கூட்டத்தில் கடமைக்கு வாசித்து முடிக்கும்போது எனக்கு இந்த ஆய்வு நினைவுக்கு வரும்.

இவற்றையெல்லாம் சொல்லிப் புரியவைப்பதைவிடச் செய்துபார்ப்பது எளிது. சுவர்ப் பத்திரிகைக்கு ஆசிரியர் தேர்ந்தெடுக்க வகுப்பில் ஒரு தேர்தல் வைத்தேன். 36 பிள்ளைகள், ஆறு வரிசை, இரண்டு வேட்பாளர். அதில் ஒருவனிடம் ஒரு பாக்கெட் மிட்டாய் கொடுத்து, முதல் நாள் மதியம் விநியோகிக்கச் சொன்னேன். மறுநாள் முதலில் கை தூக்கச் சொன்னேன். மிட்டாய்க்காரனுக்கு 25, இன்னொரு பிள்ளைக்கு 11. தேர்தல் முடிந்தது என்று அவன் எழுந்தேவிட்டான். "இரு" என்று சொல்லிவிட்டு, ஒவ்வொருவராக அலமாரிக்குப் பின்னால் போய்ச் சீட்டில் எழுதி, அவரவர் வரிசைக்கென்று வைத்திருந்த அட்டைப்பெட்டியில் போடச் சொன்னேன். எல்லாவற்றையும் கூட்டினால் மிட்டாய்க்காரனுக்கு 14, மற்றவளுக்கு 22. வகுப்பு குதித்தது. அவனும் சிரித்துவிட்டான், நல்ல பிள்ளை.

பிறகு ஆறு பெட்டிகளின் எண்ணிக்கையையும் தனித்தனியாகப் பலகையில் எழுதினேன். நான்காம் வரிசையில் அவனுக்கு ஒன்றுகூட இல்லை. உடனே திரும்பிப் பார்த்தான். "மிட்டாய் வாங்கிட்டு ஒருத்திகூடப் போடல!" நான்காம் வரிசை தலை குனிந்தது. ஒரு நிமிடத்துக்கு முன் குதித்த வகுப்பு அது. கொஞ்ச நேரம் கழித்து அந்த வரிசைப் பிள்ளை ஒருத்தி சொன்னாள். "மத்த வரிசைல யாரு போட்டாங்க, யாரு போடலன்னு தெரியல டீச்சர். எங்க வரிசைல யாருமே போடலங்கறதால எல்லாரும் மாட்டிக்கிட்டோம்."

பெரியவர்களின் தேர்தலிலும் இது அப்படியே நடக்கிறது. வாக்குகள் சாவடி வாரியாக எண்ணப்பட்டு, படிவம் 20இல் சாவடி வாரியாகவே வெளிவருகின்றன. தனி ஆளின் வாக்கு மறைவாக இருக்கிறது, ஆயிரத்துச் சொச்சம் பேர் கொண்ட ஓர் ஊரின் வாக்கு வெளிச்சத்தில் இருக்கிறது. 'உங்க ஊர்ல நமக்கு விழவே இல்லையே' என்று தெருவிளக்குக் கேட்கப் போனவரிடம் சொல்ல அது போதும். பல இயந்திரங்களின் வாக்கை ஒன்றாகக் கூட்டிக் காட்டும் 'டோட்டலைசர்' என்ற கருவியை 2008இலேயே தேர்தல் ஆணையம் முன்மொழிந்தது. சட்ட ஆணையமும் 2015இல் தன் 255ஆவது அறிக்கையில் அதைப் பரிந்துரைத்தது. நடைமுறைக்கு வரவில்லை. 919இல் செய்ததை 921இல் திருத்தியவர்களின் ஊரில் இருந்துகொண்டு இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

அர்ஜென்டினாவை ஆராய்ந்த சூசன் ஸ்டோக்ஸ் இதைத் தலைகீழான பொறுப்புக்கூறல் என்கிறார். தலைவர் மக்களுக்குக் கணக்குச் சொல்வதற்குப் பதிலாக, மக்கள் தங்கள் ஓட்டுக்குத் தலைவரிடம் கணக்குச் சொல்கிறார்கள். அங்கேயும் வாக்கு மறைவுதான். ஆனால் தெருவிலேயே வாழும் கட்சி ஆள் முகத்தைப் பார்த்து, பேச்சை வைத்து ஊகித்துவிடுகிறார். ஆய்வு நூல்கள் இதைக் கிளையன்டலிசம் என்கின்றன. 'கொடுப்பவர், சார்ந்திருப்பவர் உறவு' என்று நான் சொல்லிக்கொடுக்கிறேன். ஓட்டுக்கு முதல் நாள் வரும் கவர் இந்த உறவில் ஒரு நாள் கூத்து. மீதி ஐந்து ஆண்டும் ரேஷன் அட்டைக்கும் சான்றிதழுக்கும் வீட்டுத் திட்டப் பட்டியலுக்கும் ஒருவரைப் 'பார்க்க' வேண்டியிருப்பதுதான் அதன் வேர். அந்தப் 'பார்ப்பது' இருக்கும்வரை, கவரை மறுக்கும் தைரியம் ஓர் ஏழைத் தாய்க்கு எங்கிருந்து வரும்?

மேல்நிலை வகுப்புப் பிள்ளைகள் இங்கே ஒரு குறுக்குக் கேள்வி கேட்பார்கள். "எம்.எல்.ஏ., எம்.பி. எல்லாம் வாங்குறதில்லையா?" நியாயமான கேள்வி. மாநிலங்களவைத் தேர்தலில் கட்சி சார்ந்த சட்டமன்ற உறுப்பினர் தன் வாக்குச்சீட்டைத் தன் கட்சி முகவரிடம் காட்டிவிட்டுப் போட வேண்டும் என்று 2003இல் சட்டம் திருத்தப்பட்டது. 2006இல் குல்தீப் நய்யார் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. கட்சி மாறிப் போடப் பணம் கைமாறுவதைத் தடுக்கவே அந்தத் திறந்த வாக்கு. அவையில் வாக்களிக்கவோ பேசவோ லஞ்சம் வாங்கும் உறுப்பினருக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லை என்று 2024 மார்ச் 4 அன்று சீதா சோரன் வழக்கில் ஏழு நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. ஆக, பிரதிநிதிக்கு இன்றும் விரிந்த கைதான். பிள்ளைகள் இதை உத்திரமேரூர்ச் சுவரோடு தாங்களாகவே சேர்த்துப் பார்க்கிறார்கள்.

கடைசி வகுப்பைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். அட்டைகள் எழுதித் தருவேன். பள்ளிச் சத்துணவு, காலை உணவு, பதினொன்றாம் வகுப்பு மிதிவண்டி, ரேஷன் அரிசி, நூறு நாள் வேலை, 2023 செப்டம்பர் 15 அன்று நம் காஞ்சிபுரத்திலேயே தொடங்கப்பட்ட மகளிர் உரிமைத் தொகை, தேர்தலுக்கு முன் கோயிலுக்கு வந்த நன்கொடை, தெருவுக்கு வந்த பிரியாணி, ஓட்டுக்கு முந்திய இரவு வந்த கவர். ஒவ்வொன்றுக்கும் கேள்வி இரண்டே. இது யாருக்குக் கிடைக்கும் என்ற விதி எங்காவது எழுதப்பட்டிருக்கிறதா? ஓட்டுப் போடாதவர் பெயரை யாராவது தட்டிவிட முடியுமா? விதி எழுதியிருந்து, தகுதி உள்ள எவரும் கேட்டு வாங்கலாம், மறுத்தால் மேல்முறையீடு செய்யலாம் என்றால் அது உரிமை. ஒருவர் மனசு வைத்தால்தான் கிடைக்கும் என்றால் அது தயவு. எல்லா இலவசத்தையும் ஒரே கூடையில் போட்டு 'இலவசத்தால் நாடு கெட்டது' என்று பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. சத்துணவுத் தட்டோடு வரிசையில் நிற்கும் பிள்ளைகளிடம் அப்படிப் பேசவும் முடியாது. சுப்பிரமணியம் பாலாஜி வழக்கில் 2013இல் உச்ச நீதிமன்றமும், தேர்தல் அறிக்கையில் பொதுவாகத் தரும் வாக்குறுதி 123ஆம் பிரிவின்படி லஞ்சம் ஆகாது என்றே சொன்னது. கூடவே, தேர்தல் அறிக்கைகளுக்கு வழிகாட்டு நெறிகளை வகுக்கும்படி ஆணையத்துக்கும் உத்தரவிட்டது. எல்லை எங்கே என்று பிள்ளைகள் வாதாடட்டும். நான் தீர்ப்புச் சொல்வதில்லை.

சில அட்டைகளில் வகுப்பு பிளவுபடும். குடிநீர்க் குழாய் அப்படி ஒரு முறை மாட்டியது. "அதைக் குடுத்தவரு எங்க ஊரு பெரியவரு" என்று ஒரு பெண் பிள்ளை உறுதியாகச் சொன்னாள். அவர் பெயரைச் சொல்லி வீட்டில் ஓட்டுக் கேட்டிருக்கிறார்கள். அப்போது அக்டோபர் 2 கிராம சபை பக்கத்தில் இருந்தது. கிராம சபையில் கேட்கலாம் என்று தோன்றும் ஒரு கேள்வியை ஆளுக்கொன்று எழுதி வரச் சொன்னேன். அவள் எழுதியது: "எங்கள் தெருக் குழாய் எந்தத் திட்டத்தில் போட்டது, எவ்வளவு செலவு, கணக்கு எங்கே இருக்கிறது?"

அந்தத் தாளை அவள் அம்மா சபைக்குக் கொண்டுபோய் நின்றுகொண்டே வாசித்தாராம். செயலர் பதிவேட்டைப் புரட்டி, ஜல் ஜீவன் திட்டம் என்றும் மதிப்பீடு எவ்வளவு என்றும் சொல்லியிருக்கிறார். பக்கத்துத் தெருக்காரர்கள், எங்கள் தெருவுக்கும் அதே திட்டத்தில் வர வேண்டுமே, பட்டியலில் எத்தனையாவது என்று கேட்டிருக்கிறார்கள். அதற்கும் பதிவேட்டில் பதில் இருந்தது.